வரிசையில் பதினான்காவது ஆள்

தகமட்சு
ஏப்ரல் 16, 2018

அன்புத் தம்பி டெட்சுவோவுக்கு,

நானும் உன் அத்தானும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. யமகதாவில் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இரவில் தூங்குகிறாயா?

சயோகோவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தை நீ ஒரு குறையுமில்லாமல் நடத்திவிட்டாய். இழவு வீட்டுக்கு வந்தவர்களுக்குக்கூட ராமென் நூடுல்ஸ் சூப் வரவழைத்துக் கொடுக்கிற ஊர் உலகத்திலேயே உங்கள் ஊர் ஒன்றுதான் என்று அத்தான் ரயில் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கென்ன, உதோன் ஊர்க்காரர். நானும் நாற்பது வருஷமாக அந்த வெள்ளை உதோன் நூடுல்ஸைத் தின்று தின்று வெள்ளையாகிப் போனேன்.

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, கிளம்புகிற அன்று காலையில் உன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். பதினொரு முட்டை, ஒரு ஜாம் புட்டி, காலியான சோயா புட்டி. அவ்வளவுதான். பெண்டாட்டியை இழந்த அறுபத்தொரு வயது ஆம்பளைக்கு இது சாப்பாடா? சமைக்கத் தெரியாது, சரி. உனக்கு ராமென் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீங்கள் இரண்டு பேரும் கடை கடையாகப் போய் வரிசையில் நிற்பீர்கள் என்று சயோகோ எழுதுவாள். அதனால் அக்கா சொல்கிறேன், கேள். வாரம் ஒரு நாள், ஊரில் புதிதாக ஒரு ராமென் கடைக்குப் போ. உட்கார்ந்து சாப்பிடு. எந்தக் கடை, என்ன சாப்பிட்டாய், எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. எழுதினால்தான் நீ சாப்பிட்டாய் என்று நம்புவேன். போன் செய்யாதே. காதுக் கருவி வைத்தாலும் உன் குரல் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரிதான் கேட்கிறது.

சயோகோ விழுந்த அந்த நாளை நினைத்து நீ மருக வேண்டாம். அடுப்புத் திரி வாங்கக் கடைக்குப் போனவன் என்ன கண்டான்?

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா கசுயோ


யமகதா
மே 9

அக்காவுக்கு,

நலம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மலையில் மட்டும் இன்னும் பனி இருக்கிறது. குடிநீர் அலுவலகத்தில் ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நீங்கள் சொன்னபடி செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். முதலில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. சோயா ராமென். நூடுல்ஸ் தடிமனாகவும் சுருளாகவும் இருந்தது. இறைச்சித் துண்டு மூன்று. மூங்கில் குருத்து இருந்தது. அடுத்த வாரம் ஆற்றங்கரையில் ஒரு கடை. சாறு தெளிவாக இருந்தது. இரண்டும் நன்றாக இருந்தன.

சிஹோ மாதம் ஒரு முறை செண்டாயிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்து போகிறாள். நன்றாக இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட்சுவோ


தகமட்சு
மே 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் முழங்கால் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் கேட்டது கடிதம், நீ அனுப்பியது குழாய் பழுதுபார்த்த அறிக்கை. "மூங்கில் குருத்து இருந்தது." இருக்காமல் எங்கே போகும்? அத்தானிடம் படித்துக் காட்டினேன். "என்ன இவன், கிண்ணத்துக்கு மீட்டர் வச்சுப் படிச்சிருக்கான்" என்றார்.

கடைக்குள் யார் இருந்தார்கள்? என்ன பேசினார்கள்? கடைக்காரன் சிடுமூஞ்சியா, சிரித்த முகமா? நீ எங்கே உட்கார்ந்தாய்? உன் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டவர் யார்? இங்கே பக்கத்து வீட்டு ஓகாவா அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டுவதாக வேறு சொல்லிவிட்டேன். மானத்தை வாங்காதே.

சிஹோ நன்றாக இருக்கிறாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அவள் சாப்பிடுகிறாளா, அம்மாவைப் பற்றிப் பேசுகிறாளா? அதையும் எழுது.

உன் அடுத்த கிண்ணத்துக்காகப் பசியோடு இருக்கும்,
அக்கா


யமகதா
ஜூன் 27

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இதோடு செர்ரிப் பழம் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். நான் நலம்.

போன கடிதத்துக்குப் பிறகு நான்கு கடை. அதில் காரமான மிசோ விழுதை உருண்டையாக மேலே வைக்கிற கடையில் இரண்டு விவசாயிகள். பெரியவர் சொன்னார்: "காரக் கட்டிய மொத்தமா கரைச்சுட்டியே, நாளைக்குக் காலைல தெரியும் சேதி." மற்றவர், "நாளைக்கு எனக்கு லீவுதான்" என்றார்.

இன்னொன்று, ஊருக்கு வடக்கே இதாகாகி ராமென் என்று ஒரு கடை. புருஷன் பொண்டாட்டி இரண்டே பேர். புருஷன் அடுப்படியை விட்டு நகர மாட்டார், பேசவும் மாட்டார். அந்த அம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார். குரல் கரகரவென்று தெருமுனை வரை கேட்கும். ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்று, "இன்னைக்கு சாறு கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கே" என்றார். அந்த அம்மாள், "உப்பு சாறுல இல்ல, உங்க நாக்குல இருக்கு. பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டு வந்தீங்களா?" என்றார். அவர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

வெயில் வந்துவிட்டதால் குளிர் ராமெனும் ஆரம்பித்துவிட்டார்கள். மேலே ஐஸ் கட்டி மிதக்கும். அதைத்தான் சாப்பிட்டேன். நான் தனியாக வந்திருப்பதைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டார். போன மூன்று செவ்வாயும் அங்கேதான் போனேன். நீங்கள் புதுக் கடை என்றுதான் சொன்னீர்கள். ஆனாலும் அங்கேயே போகிறேன்.

சிஹோ போன ஞாயிறு வந்தாள். என் சட்டை தொளதொளவென்று இருப்பதாகச் சொன்னாள். பழைய சட்டை என்றேன்.

டெட்சுவோ


தகமட்சு
ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

செர்ரி வந்தது. உன் அத்தான் ஒரே மூச்சில் பாதிப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, கொட்டைகளை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, நான் தின்றதாகச் சாதிக்கிறார். மழை விடாமல் பெய்கிறது. எங்கள் தெருவுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஓகாவா அம்மாவுக்கு வாசித்தபோது "உப்பு உங்க நாக்குல" என்கிற இடத்தில் அவர் பல்செட் கழன்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, டெட்சு. உனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை, நீ தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முட்டை போட்டிருக்கிறாள். அந்த ஒரு முட்டைக்காக நான் அழுதேன் என்றால் சிரிப்பாய்.

சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. ஓகாவா அம்மாவின் பேத்தியை விட்டு இதாகாகி கடையின் விலாசத்தைத் தேடி எடுக்கச் சொல்லி, இன்று காலையில் அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கார்டும், எங்கள் ஊர் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலமும் தபாலில் சேர்த்துவிட்டேன். "என் தம்பி டெட்சுவோ, செவ்வாய்தோறும் வருகிற ஒல்லியான மனுஷன், மனைவியை இழந்தவன், அவனுக்கு நீங்கள் போட்ட முட்டைக்கு" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது அந்த அம்மாள் உன்னைக் கேலி செய்தால் வெட்கப்படாதே.

முட்டைக்காரியை எனக்கும் பார்க்க ஆசை.

அக்கா


தகமட்சு
ஆகஸ்ட் 6

டெட்சு,

ஒரு மாதம் ஆகிறது. என் கடிதம் வந்ததா? வெயிலில் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா? கார்டு போட்டது உனக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லையென்றால் திட்டியாவது எழுது.

சயோகோ இல்லாத முதல் முன்னோர் பண்டிகை வருகிறது. விளக்கு வைக்க மறக்காதே.

அக்கா


யமகதா
ஆகஸ்ட் 20

மதிப்புக்குரிய மியாதாகே கசுயோ அம்மா அவர்களுக்கு,

கொளுத்துகிற வெயிலில் தாங்களும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் கார்டும் கருவாடும் ஜூலையிலேயே வந்தன. கருவாடு அருமை. அதைப் போட்டுச் சாறு காய்ச்சிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசினார். அவர் பேசுவது அபூர்வம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு மழுப்பி எழுத வராது, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அம்மா, எங்கள் கடையில் யாருக்கும் முட்டை சும்மா போடுவதில்லை. கார்டைப் படித்ததும் முதலில் வீட்டுக்காரரைத்தான் பிடித்தேன். "யாருக்குய்யா எனக்குத் தெரியாம முட்ட போட்ட?" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "எதிர்ல நிக்கிற காரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

எதிரே பூட்டிக் கிடக்கிற சைக்கிள் கடை வாசலில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கும். பதினொன்றுக்கு வரும், ஒரு மணிக்குப் போகும். உள்ளே ஒருவர் ஜன்னலை இறக்கிவிட்டு மடியில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் வாசலில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதுவார். வேறு கடைக்காரர் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய் காரைவிட்டு இறங்கினார். எங்கள் வாசலில் தொங்கும் துணித் திரை வரைக்கும் வந்து அதைத் தொட்டார். திரும்பிப் போனார். மறுபடி வந்தார். இப்படி மூன்று தடவை. வரிசையில் நின்றவர்கள்கூட, "உள்ள போங்கய்யா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார்கள். நான் வெளியே போனேன்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு கார்டு உங்களுக்குத் தப்பா வந்திருக்கும். அத வாங்கிட்டுப் போகலாம்னு."

"தப்பா வரலியே. எங்க பேருக்குத்தான் வந்துச்சு. நீங்கதான் டெட்சுவோவா?"

இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நான் மனம் கேட்காமல், "உள்ள வாங்க. முட்ட போட்டதா எழுதிட்டீங்க, போட்டாத்தானே அது பொய் ஆகாது" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கார் வரவில்லை.

அவர் ரொம்ப மெலிந்திருக்கிறார், அம்மா. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கள் நலம் விரும்பும்,
இதாகாகி மசுமி


தகமட்சு
ஆகஸ்ட் 25

டெட்சுவோவுக்கு,

இதாகாகி அம்மாள் கடிதம் வந்தது. எல்லாம் எழுதியிருக்கிறார்.

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. ஓகாவா அம்மாவிடமும் சொல்லவில்லை. சாப்பிடவில்லையென்றால் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கலாம். ராமென் பிடிக்கவில்லை, வேறு ஏதாவது தின்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ சின்ன வயதிலிருந்து பொய் சொல்லத் தெரியாதவன். இவ்வளவு பொய்யை நோட்டுப் போட்டுச் சேர்த்திருக்கிறாய் என்றால், அதற்கடியில் வேறு ஏதோ இருக்கிறது.

அதை எழுது. எப்போது முடிகிறதோ அப்போது எழுது. நான் எங்கேயும் போகப் போவதில்லை.

அக்கா


யமகதா
செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகம்தானே? இங்கே ஆற்றங்கரையில் எல்லாரும் சேப்பங்கிழங்குக் குழம்பு வைக்கிற பருவம். அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

பிப்ரவரி பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல இரண்டு பேரும் ராமென் சாப்பிடப் போவதாக இருந்தோம். கோயில் பக்கத்தில் புதிதாகத் திறந்த கடை. எல்லாரும் புகழ்ந்தார்கள். காலையில் சயோகோ, "தலை கனமா இருக்கு. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. வர்றப்போ அடுப்புக்குத் திரி வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். நான், "அடுத்த வாரம் சேர்ந்தே போலாமே" என்றேன். "வரிசை இன்னும் நீளமாயிடும், போங்க" என்றாள். போனேன்.

கடை பதினொரு மணிக்குத் திறக்கும். நான் பத்தே முக்காலுக்குப் போனேன். எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். பனி பெய்தது. போனைக் காரில் சார்ஜில் போட்டுவிட்டு இறங்கியிருந்தேன். எடுத்து வரலாம் என்று ஒரு தடவை தோன்றியது. இடம் போய்விடும் என்று விட்டுவிட்டேன். உள்ளே போகப் பதினொன்றரை ஆனது. சாப்பிட்டேன். காருக்கு வந்து போனைப் பார்க்கவில்லை. திரி வாங்கினேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு, பத்து ஐம்பத்தைந்து, பதினொன்று மூன்று. மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

அடுப்படித் தரையில் கிடந்தாள். உடம்பு இன்னும் சில்லிடவில்லை. ஆம்புலன்ஸ்காரர், "எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். கையில் திரி இருந்தது. அதைக் காட்டினேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் திரிதான். உங்களிடமும், சிஹோவிடமும்.

நீங்கள் ராமென் கடைக்குப் போகச் சொல்லி எழுதியபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பீர்கள். முதல் வாரம் உண்மையிலேயே போனேன். திரைக்கு இந்தப் பக்கமே கால் நின்றுவிட்டது. சரி, காரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டேன். கிண்ணத்தில் என்ன இருக்கும் என்பதை ஊர்க் கடைகளைப் பற்றி இலவசமாகக் கொடுக்கிற ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். மதியத்துக்கு ரொட்டி தின்றேன். சில நாள் அதுவும் இல்லை.

எனக்கு அழுகை வருவதில்லை. பசி வருவதில்லை. வருத்தமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அந்த மாதிரி இருக்கிறது. கடித்தால் நாக்கா கன்னமா என்று தெரியாது.

இதுதான். நீங்கள் இனி எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

டெட்சுவோ


தகமட்சு
நவம்பர் 7

டெட்சு,

ஐந்து வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தானிடம்கூடக் காட்டாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். முதலில் வந்தது கோபம்தான். இடம் போய்விடும் என்று போனை எடுக்கப் போகாமல் நின்றாயே, அந்த வரியை நினைத்து நினைத்து உன்மேல் கோபப்பட்டேன். இப்போது கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. குறைந்திருக்கிறது.

பிறகு என்மேல் கோபம் வந்தது. எந்த வாசலில் உன் கால் நின்றதோ, அந்த வாசலுக்கே உன்னை வாரா வாரம் விரட்டியவள் நான்.

போனை எடுத்திருந்தால் சயோகோ பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. மூளையில் ரத்தம் கொட்டினால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று நான் எழுதலாம். எழுதினால் அது உன் முட்டைக் கதை மாதிரிதான் இருக்கும். அதனால் எழுத மாட்டேன். அவள் உன்னைப் போகச் சொன்னாள், நீ போனாய். அவள் கூப்பிட்டாள், உனக்குக் கேட்கவில்லை. இரண்டும் நடந்தது.

ஆனால் ஒன்று, டெட்சு. இதைக் கேட்க உரிமை உள்ளவள் நான் இல்லை. சிஹோவுக்கு அவள் அம்மா. உன் சட்டை தொளதொளப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. அவளிடம் சொல். கடிதத்தில் சொல்லாதே. கடிதம் எனக்கு. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவள் உன்னை வெறுத்தால் வெறுக்கட்டும். நான் இருக்கிறேன்.

கதவுகளுக்குப் பனித் தடுப்பு கட்டிவிட்டாயா? ரொட்டியாவது தின்னு.

அக்கா


யமகதா
ஜனவரி 14, 2019

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

துக்க வருஷம் என்பதால் புத்தாண்டு வாழ்த்து அனுப்பவில்லை. இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இடுப்பளவு பனி. நான் இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நேற்று ஞாயிறு சிஹோ வந்தாள். "வீட்ல ஒண்ணுமில்லப்பா, வெளிய போய் எதாவது சாப்பிடலாம்" என்றாள். எங்கே என்று கேட்டாள். இதாகாகி என்று சொல்லிவிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவள் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். இதாகாகி அம்மாள் என்னைப் பார்த்தார். கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரா? மூலைல உக்காருங்க, அங்கதான் அடுப்புச் சூடு வரும்" என்றார். சிஹோவிடம், "உங்கப்பாவா? சரியான கஞ்சன்மா. ரெண்டு மாசமா எங்க வாசக்காத்த மட்டும் சாப்பிட்டாரு" என்றார். சிஹோ புரியாமல் சிரித்தாள்.

கிண்ணம் வந்தது. சிஹோ பாதி சாப்பிட்டிருப்பாள். நான் சொன்னேன். திரி வாங்கப் போனது அப்புறம்தான் என்றேன். வரிசை, போன், மூன்று அழைப்பு, எல்லாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினொரு மாதமாக வைத்திருந்தது அவ்வளவுதான் இருந்தது.

அவள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

செண்டாய்க்கே போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து ஓடத் தோன்றவில்லை. உட்கார்ந்திருந்தேன். இதாகாகி அம்மாள் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சாப்பிடுங்க. வெறுங்கிண்ணமாத்தான் நான் எடுப்பேன்" என்றார். சாப்பிட்டேன். உப்பா, இனிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெல்ல மெல்ல, ஒவ்வொரு வாயாக, கிண்ணத்தை முடித்தேன். இந்த முறை பொய்யில்லை, அக்கா.

வெளியே வந்தால் அவள் கார் அங்கேயே நின்றது. சிஹோ கார் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என் பக்கத்துக் கதவிலும் தள்ளியிருந்தாள். "ஏறுங்க" என்றாள்.

காருக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைத் திருப்பினாள். பிறகு, "மூணு தடவ கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அம்மா போனு எங்கிட்டதானே இருக்கு" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

இதை யாருமே என்னைக் கேட்டதில்லை. "சோயா ராமென். மூங்கில் குருத்து கூடுதலா" என்றேன்.

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு. சாறு சொட்டு விடாம குடிச்சேன். அடுத்த வாரம் உங்கம்மாவ இழுத்துட்டு வரணும்னு நெனச்சுக்கிட்டே குடிச்சேன்."

சிஹோ ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் அழவில்லை. அவள் முதுகில் கை வைக்கலாமா என்று தெரியாமல் கையை என் மடியிலேயே வைத்திருந்தேன். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். செண்டாய் சேர்ந்ததும், "வந்து சேர்ந்துட்டேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். மன்னித்தாளா என்று தெரியாது. அடுத்த மாதம் முதலாண்டு காரியத்துக்கு வருவாள். நீங்களும் வருவீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் மெத்தையைச் சூடேற்றி வைக்கிறேன்.

உங்களுக்கு எழுதிய அந்தப் பெரிய கடிதத்திலும் நான் இதைச் சொல்லவில்லை. சாப்பிட்டேன் என்று மட்டும்தான் எழுதினேன். அவள் தரையில் கிடந்த நேரத்தில் என் வாயில் இருந்தது நன்றாக இருந்தது, அக்கா. இப்போது சிஹோவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சயோகோவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றி, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் எழுந்துவிடுகிறேன்.

நாளைக் காலையில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அத்தானை வழுக்குகிற இடத்தில் நடக்க விடாதீர்கள்.

தம்பி
டெட்சுவோ